ஏழாவது தண்ணீர்

அக்டோபர் 24, வியாழன்.

முதலில் பிழை. நேற்று "ஆறாவது தண்ணீர்" என்று எழுதினேன். ஐந்தாவதாகவும் இருக்கலாம். அப்படியானால் இன்று காலை மாற்றியது ஆறாவதுதான்.

இந்தக் காட்டுக் கிழங்கை அப்படியே தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும், ஆளையும் கொல்லும். சீவிப் பானையில் ஊறப்போட்டு, நாளுக்கு ஒன்றாக ஏழு தண்ணீர் மாற்ற வேண்டும். மண்சரிவில் பாதை போய் அரிசி தீர்ந்ததும் அண்ணன் ஒரு கூடை தோண்டி வந்தான். அன்றிலிருந்து மாலை வகுப்பு நோட்டில் எண்ணி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமைதான் அண்ணன் இரண்டாவது கூடைக்குப் போனான். மேட்டு மண் அவன்மேல் இறங்கியது.

அன்று ஒன்பது குடம் சுமந்தேன். அண்ணனைக் குளிப்பாட்ட ஊற்றியது நினைவிருக்கிறது. பானைக்கு ஊற்றினேனா, தெரியவில்லை.

இன்று மதியம் அண்ணி பானையருகே வந்தாள். பாப்பாவை என் மடியில் வைத்தாள். மூன்று நாளாகப் பாப்பாவுக்குக் கீரை அவித்த தண்ணீர்தான். இப்போது அழுவதும் இல்லை.

"ஏழு ஆயிருச்சா புள்ள?"

தோண்டியவன்தான் முதல் துண்டைத் தின்ன வேண்டும். பொழுது சாயும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் வீட்டார் தின்னலாம். எங்கள் வழக்கம் அது. அண்ணன் தின்றுவிட்டு வேண்டுமென்றே கண்ணைச் செருகிக் காட்டுவான். அண்ணி அகப்பையால் அடிப்பாள்.

"ஆறுதான்," என்றேன்.

"நோட்டப் பாத்துச் சொல்லு."

திறந்தேன். அண்ணிக்கு எழுத்து தெரியாது. வெற்றுப் பக்கம் தெரியும்.

அதன்மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"பரவால்ல. அவரு வாயி இல்லன்னா என் வாயி. இப்பவே வேக வையி. பாப்பா ஒன்கிட்ட நல்லாத்தான் இருக்கா."

குரலில் பயமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விறகு ஈரம் என்றேன். பொய். இதையும் பிழையில் சேர்ப்பதா, தெரியவில்லை.

நாளை: விடியுமுன் எழுவது. இன்னொரு தண்ணீர் மாற்றுவது. எப்படி எண்ணினாலும் ஏழு வந்துவிடும். கிழங்கை வேகவைப்பது. முதல் துண்டை நான் தின்பது.

பிறகு அண்ணியை எழுப்புவது.