உள்வட்டம், வெளிவட்டம்

கடையின் கண்ணாடி மேசையில் பேரிங்குகள் எண்ணெய் மினுங்கக் கிடக்கின்றன. அக்கா வீட்டுக்காரரான மாமா, தன் பைக்கில் வேறு வண்டியின் அகலச் சக்கரத்தை ஆசையாக மாட்டிவிட்டார்; பொருந்தும் பேரிங் இல்லாமல் வண்டி நிற்கிறது. அது ஓடினால்தான் நாளை வெளியூர் வேலையில் சேர்ந்து, அக்காவைத் தனிக்குடித்தனம் கூட்டிப் போக முடியும். நான் காலிப்பரால் அளக்கிறேன். பேரிங்கின் வெளிவட்டம் சக்கரத்துக்குச் சரி. உள்வட்டம் பழைய அச்சில் தொளதொளக்கிறது. "வீட்டோட மாப்பிள்ளையே ரெண்டு பக்கமும் பொருந்த மாட்டான், இது இரும்புங்க," என்று கடைக்காரர் சிரிக்கிறார். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டிலேயே இருக்கும் மாமாவும் சிரிக்கிறார். பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றுகிறார்; அது சத்தமில்லாமல் சுற்றுகிறது. "தப்பா அளந்திருப்பியோ மச்சான்?" நான் தப்பாக அளந்திருந்தால் நல்லது. துடைத்துவிட்டு மறுபடி அளக்கிறேன். அதே அளவுதான். "நாளைக்குக் கிளம்பலைன்னு வீட்ல உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு," என்கிறார், சிரிப்பு இன்னும் கலையாத முகத்தோடு.