கிராபிக்ஸ் கார்டு போயிடுத்து

"உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா? கீபோர்டைச் சரி பண்ணுங்கோன்னு போன வாரம் கூப்பிட்டா, ஸ்கிரீனைக் கெடுத்து வெச்சுட்டுப் போயிருக்கேள்!"

நீரஜா போட்ட சத்தத்தில் மெக்கானிக் குருபிரசாத் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான்.

"கத்தாதேடி, மாட வீதி வரைக்கும் கேக்கும்" என்று மகளை அடக்கிவிட்டு, கல்யாணராமன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். "ஆனா அவ சொல்றதும் நியாயம்தான் சார். எல்லாம் குளத்துத் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரித் தெரியறது. அம்பாள் படத்தைப் பாருங்கோ, நெத்தியில குங்குமம் கறுப்பா இருக்கு."

பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற கல்யாணராமனுக்கு அந்த லேப்டாப்பை நியூ ஜெர்சியிலிருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் அவர் ஒரே ஒரு காரியம்தான் செய்வார். ஜாதகப் பொருத்தம் பார்ப்பார். ஜோசியருக்குத் தட்சிணை வைத்தால் வாய் மாறும், கம்ப்யூட்டருக்கு அந்த வழக்கம் கிடையாது என்பது அவர் கட்சி.

பொருந்தாததை எல்லாம் அந்த சாஃப்ட்வேர் சிவப்பு எழுத்தில் காட்டும். ஒரு வரி சிவந்திருந்தாலும் வரனைத் தள்ளிவிடுவார். அவருடைய ஜோதிட ஞானம் அத்துடன் சரி. டாக்டர், ஆடிட்டர், அமெரிக்கா மாப்பிள்ளை என்று வந்தவர்களெல்லாம் இப்படியே போனதில் நீரஜாவுக்கு முப்பது நெருங்கிவிட்டது.

"இவ கல்யாணமே இந்தப் பெட்டியிலதான் இருக்கு சார். என்ன கோளாறு?"

குருபிரசாத் நாலைந்து பட்டனைத் தட்டினான். முகத்தைச் சுளித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"கிராபிக்ஸ் கார்டு போயிடுத்து சார்."

"பிள்ளைகிட்டச் சொல்லி அங்கேருந்து புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லட்டுமா?"

"அனுப்பினா எங்கே சொருகறது? மேஜைக் கம்ப்யூட்டர்னா கார்டைக் கழட்டி வேற மாத்திடலாம். லேப்டாப்ல அது போர்டோட சேத்துப் பத்த வெச்சது. மாத்தணும்னா மொத்த போர்டையும் மாத்தணும், பாதி லேப்டாப் விலை ஆயிடும். எழுத்து நன்னாத்தானே தெரியறது? வீணாச் செலவு பண்ணாம அப்படியே ஓட்டுங்கோ."

கல்யாணராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் செலவு வைக்காத மெக்கானிக்கா? தி. நகரில் ஃபேன் ரிப்பேர்க்காரன்கூட அவரை மொட்டையடித்து அனுப்பியிருக்கிறான்.

"கடை எங்கே?"

"மந்தைவெளியில சார்."

"சொந்தமா?"

"ஆமாம் சார். மூணு பேர் வேலை பார்க்கறா."

"ஆத்துல யார் யார்?"

"அம்மா மட்டும்தான்."

"கோத்திரம்?"

"அப்பா!" நீரஜா பல்லைக் கடித்தாள். "ரிப்பேருக்கு வந்தவர்கிட்டப் போய் யாராவது கோத்திரம் கேப்பாளா?"

"பாரத்வாஜம்" என்றான் குருபிரசாத், தரையைப் பார்த்தபடி.

"நாங்க கௌசிகம். பேஷ்!"

பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஏற்றினார். லேப்டாப் கொஞ்சம் முனகியது. பத்து வரிகள் வந்து நின்றன.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. பெண்ணை இப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோமோ என்று எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பார்!

"பத்துக்குப் பத்து நீரஜா! பத்துக்குப் பத்து!"

"எனக்கு வேண்டாம்பா. ஒரு ஸ்கிரீனை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவரோட எப்படிக் குடித்தனம் பண்றது?"

"கம்ப்யூட்டரே சரின்னுடுத்து, நீ யாருடி வேண்டாம்கறதுக்கு? மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை அம்மாவை அழைச்சுண்டு ஆத்துக்கு வாங்கோ."

"சரி சார்."

"இன்னும் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்கோ!" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஐ.எஸ்.டி. போட உள்ளே ஓடினார்.

நீரஜா தூக்கி வைத்துக்கொண்ட முகத்தோடு கேட்டைச் சாத்த வந்தாள். குருபிரசாத் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அப்பா, "ஹலோ, ஹலோ, கேக்கறதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"தாலி கட்டற வரைக்கும் அந்தச் செவப்பு வயரை மாட்டித் தொலைச்சுடாதே, குரு!"