உருளைக்கிழங்கை மீட்போம்

"உருளைக்கிழங்கு கூடாது" என்றார் மேனேஜர்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. இருபத்திரண்டு பேர். மதியம் ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப், நாலு துண்டு ரொட்டி. சமைப்பவர் மாஸ்டர். பதினோரு வருஷமாக அதே அண்டா.

"சரி சார். அதுக்குப் பதிலா?"

"காலிஃபிளவர். தக்காளியும் கூடாது."

"தக்காளி சூப்லயா சார்?"

"குடைமிளகாய் போடுங்க. சிவப்பாத்தானே இருக்கணும்?"

"கீரை?"

"முட்டைக்கோஸ்."

"பூசணி?"

"சுரைக்காய்."

"தக்காளி சூப்புங்கிற பேரையாவது விட்டு வைக்கலாமா சார்?"

"வெச்சுக்குங்க. பேர்ல பொட்டாசியம் கிடையாது."

மாஸ்டருக்குப் புரிந்தது. "டாக்டர் சொன்னாரா சார்? கிட்னியா?"

"ம். உப்பும் பாதிதான். காயைப் பொடியா நறுக்கி, நிறையத் தண்ணில கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியைக் கீழே கொட்டிடுங்க. அப்புறம் புதுத் தண்ணில சூப்."

இதைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"சூப்புங்கிறதே அந்தத் தண்ணிதான் சார்!"

"கொட்டுங்க."

"உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல வெச்சுத் தரேனே."

"ஒரே அண்டா. எல்லாருக்கும் அதேதான்."

ஒருத்தர் உடம்புக்கு இருபத்திரண்டு பேர் பத்தியம். இப்படியும் ஒரு மனுஷன்.

முதல் நாள், பேக்கிங் அக்கா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், காய் குளிச்சிட்டுப் போன தண்ணியா?"

"நம்ம பசை இதைவிட ருசி" என்றார் பசை காய்ச்சுபவர். "நான் நக்கிப் பார்த்திருக்கேன்."

மூன்றாம் நாள், சங்கத் தலைவர் பெஞ்சின் மேல் ஏறினார். கட்டிங் மிஷின் ஓட்டுபவர். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"ஒருத்தர் கிட்னிக்கு இருபத்திரண்டு நாக்கு பலியா? உருளைக்கிழங்கு நம் உரிமை!"

"உரிமை!"

"உருளைக்கிழங்கை..."

"மீட்போம்!"

மேனேஜர் அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தலைவர் இறங்கி வந்து இரண்டு கிண்ணம் குடித்தார். கத்தினால் பசிக்கும்.

வெள்ளிக்கிழமை கெடு. அதற்குள் உருளைக்கிழங்கு வராவிட்டால் யாரும் கேன்டீனில் கை நனைப்பதில்லை என்று தீர்மானம். யாரும் சாப்பிடாத கேன்டீனை முதலாளி ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். மாஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. வேறு எந்த அண்டா கூப்பிடப்போகிறது?

மாஸ்டர் மேனேஜர் அறைக்கு ஓடினார். கதவில் யாரோ அழுகிற உருளைக்கிழங்கு ஒன்றை வரைந்து ஒட்டியிருந்தார்கள்.

"சார், என் பொழைப்பு போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"முட்டைக்கோஸ் கொஞ்சம் கூடப் போடுங்க. வயிறு நிறையும்."

வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் இரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி நறுக்கினார். அவர் கிட்னியை அவர் பார்த்துக்கொள்ளட்டும். தட்டைத் தூக்கி அண்டாவுக்கு மேல் சாய்த்தார்.

பின்வாசல் வழியாக வந்த தலைவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன மாஸ்டர் பண்றீங்க?"

"மீட்கிறேன் தலைவரே. நீங்க கேட்டதுதான்."

"கேட்டா போட்டுடறதா?"

மாஸ்டர் தட்டை நிமிர்த்தினார்.

"சீக்காளி மனுஷன் மாஸ்டர். அவரும் இதே அண்டாவுலதான் குடிக்கிறார். ஏதாவது ஆயிட்டா பாவம் நம்மளைச் சும்மா விடுமா? காலிஃபிளவரை மசிச்சுப் போடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

பன்னிரண்டரைக்குத் தலைவர் மறுபடி பெஞ்சில் ஏறினார்.

"தோழர்களே! நிர்வாகம் பணிந்தது! உருளைக்கிழங்கு வந்துவிட்டது!"

விசில் பறந்தது. கிண்ணங்கள் நீண்டன.

"இது சூப்பு!" என்றார் பேக்கிங் அக்கா.

பசைக்காரர் மூன்றாம் முறை வந்தார். "ஊத்துங்க மாஸ்டர். உருளைக்கிழங்கு உருளைக்கிழங்குதான். நாக்குக்குத் தெரியாதா?"

எல்லாரும் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் குனிந்தபடி தன் கிண்ணத்தைக் காலி செய்தார்.

கூட்டம் கலைந்தபின் கடைசி ஆளாகக் கிண்ணத்தோடு சமையலறைக்கு வந்தார். பிழைப்புத் தப்பிய சந்தோஷத்தில் மாஸ்டருக்கு வாய் நிற்கவில்லை.

"சார், இதுல ஒரு துண்டு உருளைக்கிழங்குகூடக் கிடையாது. போட இருந்தேன். உங்க உடம்புக்கு ஆகாதுன்னு தலைவர்தான் கையைப் பிடிச்சுத் தடுத்தார். வெளியில உங்களை அந்தக் கிழி கிழிச்சாலும் உள்ளுக்குள்ள எவ்வளவு அக்கறை பாருங்க! தங்கமான மனுஷன் சார்."

மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"டாக்டர் சீட்டு அவன் பேர்ல மாஸ்டர். முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மிஷினை விட்டு இறக்கிடுவார். தனியா டப்பா கட்டிட்டு வந்தா நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க."

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"எனக்கு வீட்டுல தினமும் உருளைக்கிழங்கு வறுவல்தான்."