தலையில் வைத்த கை

“வாசிக்கிறதையே ஒரேயடியா விட்ரணும்னா சொன்னாரு டாக்டர்?” என்று கேட்டார் இன்னாசி.

“மணிக்கட்டு எலும்பு தேஞ்சு போச்சாம்டா. இதுதான் என் கடைசிப் பாட்டு. நான் தலையைத் தொட்டதும் முடிச்சிரு. கண்ண மூடிக்கிட்டு இழுக்காத, என்ன?” என்றார் டிரம்ஸ் வாசிக்கும் தேவநேசன். இன்னாசி தன் சாக்ஸபோனை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

பூங்காவின் ஞாயிற்றுக்கிழமை இலவசக் கச்சேரியில் அவர்கள் வாசிக்கும் ஜாஸ் இசைக்கு எங்கே முடிவது என்ற கணக்கு கிடையாது. வாசிப்பவர்களில் யாராவது உச்சந்தலையைத் தொட்டால், எல்லோரும் தொடங்கிய மெட்டுக்கே திரும்பி வந்து நிறுத்திக்கொள்வார்கள்.

பாதியிலேயே தேவநேசனின் இடது கை மரத்துவிட்டது. வேறு யாருடைய கையையோ தூக்கி வைப்பதுபோல் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் தட்டினார். இன்னாசியின் கண்கள் மூடியிருந்தன. மெட்டு எங்கெங்கோ போய் வந்தது. தொடங்கிய இடத்தின் பக்கம் மட்டும் வரவில்லை.

வருடக்கணக்காகக் கேட்டு வருபவர்களுக்கும் அந்தச் சைகை தெரியும். முதலில் பூங்காக் காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைத் தொட்டார். அடுத்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண். சற்றைக்கெல்லாம் புல்தரை முழுக்கத் தலைமேல் கைகள்.

“விட்ருங்கண்ணே, பாவம் அவரு!” என்று யாரோ கத்தினார்கள்.

இன்னாசி கண்ணைத் திறந்தார். அத்தனை கைகளையும் பார்த்தார். சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். தேவநேசனின் வலது கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

“அவங்க வச்சா வச்சுட்டுப் போறாங்க. நீ மட்டும் கையை இறக்குடா, நேசா.”