ஷெட்டில் வண்டி இல்லை

"உயிரோட இருக்கிற மனுஷனோட வண்டியைத் தூக்கித் தானம் பண்ணிட்டு, பேப்பர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே அண்ணி, உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்தாள் நாத்தனார். கையில் சுருட்டிய பேப்பர். அதில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்தில், அறக்கட்டளைக்காரரிடம் சாவியை நீட்டியபடி அண்ணி.

"சிரிக்கலைம்மா. போட்டோக்காரர் பல்லைக் காட்டச் சொன்னார். உள்ளே வா."

"அண்ணன் எங்கே?"

"குளிக்கிறார்."

அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்தச் சிவப்புக் காரின் மாடலில் உலகத்திலேயே கொஞ்சம் வண்டிகள்தான் வந்தன. அதில் ஒன்று யார் வீட்டுக் கொல்லையிலோ கோழி அடைய மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கண்டுபிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவும் பிள்ளையும் அதன் அடியில்தான் கிடப்பார்கள். கடையில் கிடைக்காத பாகங்களை அண்ணனே கடைந்து போட்டார். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு பிள்ளையைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் அதில்தான் போவான்.

போன வருஷம் ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோனது. அண்ணனுக்கு ஏற்கெனவே இருந்த மறதி நோய் அதோடு முற்றிவிட்டது.

அதன் பிறகு நாத்தனார் இந்த வீட்டுப் படி ஏறுவது இப்போதுதான்.

"எத்தனை பேர் அந்த வண்டிக்கு ஆலாய்ப் பறந்தாங்க. வித்திருந்தா அண்ணன் வைத்தியத்துக்காவது ஆகியிருக்கும்."

"அந்தக் காசுல வாங்கின சோறு எனக்குத் தொண்டையில இறங்காது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, நோயாளி கூட வர்றவங்க தங்க அந்த அறக்கட்டளைக்காரங்க ஒரு வீடு கட்டுறாங்க. வண்டியை ஏலம் விட்டு அதுக்குச் சேர்க்கப்போறாங்க. நானும் உங்க அண்ணனும் அந்த வராந்தாவுல பேப்பர் விரிச்சுப் படுத்தவங்கதானே."

"தருமம் பண்ணணும்னா உங்க நகையைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம்."

"அதெல்லாம் பிள்ளை வைத்தியத்திலேயே போயிடுச்சு."

நாத்தனார் ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் விடவில்லை.

"போன்ல பேசினாக்கூட அண்ணன் வண்டி வண்டின்னுதான் பேசுவார். மகன் நினைவா அவருக்கு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். கேட்க நாதியில்லைன்னு அதையும் பிடுங்கிட்டீங்க. வெறும் ஷெட்டைப் பார்த்தா மனுஷன் உடைஞ்சுடுவார். உங்களுக்குக் கல் நெஞ்சு அண்ணி."



குளியலறைக் கதவு திறந்தது. பனியனை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அண்ணன் வந்தார். தங்கையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாப்பாவா? எப்ப வந்தே?"

பதிலுக்கு நிற்காமல் கொல்லைப் பக்கம் நடந்தார். ஷெட் அங்கேதான்.

"அண்ணா, அங்கே போகாதீங்க. இப்படி உட்காருங்க."

தங்கை பிடித்த கையை உதறிவிட்டுப் போனார்.

"தடுங்க அண்ணி. சும்மா நிக்கிறீங்களே."

அண்ணி அசையவில்லை. ஷெட் கதவு கிறீச்சிட்டது. அழுகைச் சத்தம் வரப்போகிறது என்று நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் எதுவும் வரவில்லை.

அண்ணன் திரும்பி வந்தார். முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"பயல் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்லை."

"அவசர வேலையாம். சாயந்திரம் வந்துடறேன்னான்," என்றாள் அண்ணி. குரலில் பிசிறே இல்லை.

"மூணாவது கியர் கொஞ்சம் இறுக்கமா விழுது. பார்த்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். சரி, சாப்பாடு போடு. பசிக்குது."

தட்டை வழித்துச் சாப்பிட்டார். எழுந்துபோய், ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்தாள். "பிள்ளை செத்ததை அண்ணன்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?"

"தினமும் சொன்னேன்."

"தினமுமா?"

"காலைல எழுந்ததும் ஷெட்டுக்குப் போவார். வண்டி இங்கே நிக்குது, பிள்ளை எங்கேன்னு கேப்பார். வெளியூர் போயிருக்கான்னு சொல்லிப் பார்த்தேன். வண்டியை விட்டுட்டு என் பிள்ளை போகமாட்டான், என்ன ஆச்சுன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்குவார். உண்மையைச் சொல்ற வரைக்கும் விடமாட்டார். சொன்னா, அப்பதான் சேதி வந்த மாதிரி தரையில விழுந்து கதறுவார். பொழுது விடிஞ்சா எல்லாம் மறந்துடும். திரும்பவும் ஷெட்டுக்குப் போவார்."

நாத்தனாரின் கையிலிருந்த பேப்பர் கசங்கியது.

அண்ணி குழாயைத் திறந்து, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

"இனிமே அவருக்குப் பிள்ளை வெளியே போயிருக்கான். அவன் செத்தது எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா."