நடக்கிறவர்கள் வருமுன்

தொண்ணூற்று நாலாம் வருடத் தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. தினமும் போல அன்றைக்கும், பழனிக்கு வெறுங்காலில் நடக்கிற கூட்டம் வருமுன், சீனிவாசலு சாக்குப்பையோடு முன்னால் ஓடி, ரோட்டில் கிடந்த கண்ணாடியையும் முள்ளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஈச்சனாரி தாண்டி, நடக்கிறவர்களுக்காக வாசலில் சுக்குக்காப்பி வைத்திருந்த அம்புஜம் அவரை மறித்தாள்.

"ஏனுங்க, தினமும் நிக்காம ஓடறீங்களே. எங்க ஊட்டுக் காப்பி அவ்வளவு கசக்குதுங்களா?"

சீனிவாசலு டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை.

"போன வருசம் நீங்க ஓடியிருந்தா என்ற பையன் காலு தப்பிச்சிருக்குமுங்க. இந்த வாசல்லயே கண்ணாடி ஏறிச் சீழ் வெச்சு, முழங்காலோட எடுத்துப்போட்டாங்க. உள்ளதான் இருக்கான். உங்களைப் பாக்கோணும்னு நாலு நாளாச் சொல்றான். வாங்க."

"வேண்டாமுங்க அம்மணி." அவர் வாசலுக்கு முன்னால் ரோட்டைக் காட்டினார். "போன வருசம் என்ற சோடா வண்டி இங்கதான் குடை சாஞ்சுது. பாட்டலெல்லாம் நொறுங்கிப்போச்சு. இருட்டாயிருச்சு, விடிஞ்சு வந்து கூட்டிக்கலாம்னு போயிட்டனுங்க."

அம்புஜம் வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"நடக்கறவங்க வாராங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஓடுங்க."