முதல் சட்டை

"அந்தக் கிழிஞ்ச நாற்காலியை உள்ள தள்ளுங்க. வந்துட்டார்."

மனைவி சொல்லி முடிப்பதற்குள் நிருபர் படியேறிவிட்டார். லாண்டரிக்காரர் நாற்காலியைத் தள்ளவும் முடியாமல், வணக்கம் சொல்லவும் முடியாமல் அதைப் பிடித்தபடியே நின்றார். நிருபர் அதையே வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் பத்திரிகையின் அடையாள அட்டை. மடியில் ஒரு துணிப்பை.

போட்டோ எடுப்பவர் பின்னால் வருகிறாரா என்று மனைவி தெருவை எட்டிப் பார்த்தாள். தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் செல்போனைக் காட்டினார் நிருபர்.

"காலையில பேப்பர் கடையில உங்க பத்திரிகையைக் கேட்டேன் சார். இல்லைன்னுட்டான். அவ்வளவு சீக்கிரம் வித்துடுது போல."

"ஆமாம்மா, கிடைக்காது" என்றார் நிருபர்.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் லாண்டரி திறந்து மூன்று மாதம் ஆகிறது. இருபது வருடமாக இந்தக் கடைக் கம்பியில் தொங்க இடமில்லாமல் துணிகள் நெருக்கியடிக்கும். இன்று ஏழு. அதில் இரண்டு லாண்டரிக்காரருடையவை. முந்தாநாள் அந்த மெஷின் கடை மேனேஜர் வந்து, இஸ்திரிக்கு ஆள் வேண்டும், கடையை மூடிவிட்டு வந்துவிடுங்கள், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இன்றுதான் சனிக்கிழமை. மணி நாலரை.

"இத்தனை வருஷம் முதலாளியா நின்னுட்டு, எதிர்ல போய் யூனிஃபார்ம் மாட்டிக்கணுமா?" என்று இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார் லாண்டரிக்காரர்.

பத்திரிகையில் ஒரு தடவை வந்துவிட்டால் போதும், கூட்டம் தானாக வரும் என்பது மனைவியின் கணக்கு. அதற்குப் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தாள். கடையின் அகலத்துக்கு ஒரு போர்டு: 'வேலை இல்லாதவரா? உங்கள் இன்டர்வியூ சட்டையை இலவசமாகத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறோம்.' சிவப்பு எழுத்து. கையோடு ஆறு பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் போட்டாள். ஐந்து கிணற்றில் போட்ட கல். ஆறாவதிலிருந்து இன்று காலை போன் வந்தது.

தெருச் சத்தம் அதிகமாக இருக்கிறது, ஷட்டரைப் பாதி இறக்க முடியுமா என்று கேட்டார் நிருபர். இறக்கினார்கள். செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"வேலை இல்லைன்னு ஏதாவது பேப்பர் காட்டணுமா?"

"ஒண்ணும் வேணாம் சார்" என்றாள் மனைவி. "முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடாதா?"

கணவனும் மனைவியும் சிரித்தார்கள். நிருபர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் குடுத்தா எப்போ கிடைக்கும்?"

"நாளைக்கே. ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு சார்."

இத்தனை நேரத்தில் அவர் எழுதிக்கொண்டது அது ஒன்றுதான்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க?"

நாலைந்து பேர் என்று மனைவி ஆரம்பிக்க, லாண்டரிக்காரர் குறுக்கே புகுந்தார்.

"பொய் எதுக்கு? ஒருத்தரும் வரல சார். பத்து நாளா ஒரு கர்சீப் கூட வரல."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டியே தேவையில்லை, துணி தீய்ந்துவிடும். சட்டென்று சமாளித்தாள். தன் தம்பி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், கூப்பிட்டால் ஒரு சட்டையோடு வந்து நிற்பான், போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நிருபர் வேண்டாமென்று கையசைத்தார்.

"போர்டு எவ்வளவு தூரம் தெரியுது?"

"தெருமுனையிலிருந்தே தெரியும் சார்" என்றார் லாண்டரிக்காரர் பெருமையாக.

"அதான் வரல. வேலை போனதைப் பொண்டாட்டிகிட்டயே சொல்லாதவன் இருப்பான். அவன் நாலு பேர் பார்க்க அந்த போர்டுக்குக் கீழ சட்டையைத் தூக்கிட்டு நுழைவானா?"

லாண்டரிக்காரர் தலையைத் தடவினார். "அது அவங்களுக்காகப் போட்ட போர்டு இல்ல சார். உங்களுக்காகப் போட்டது."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே புரிந்தது.

பாதி ஷட்டருக்குக் கீழே, எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜரின் பளபளக்கும் ஷூ மட்டும் தெரிந்தது. அது இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது.

"எப்போ வரும் சார்?" என்றாள் மனைவி. "தேதி மட்டும் சொல்லுங்க. அவன்கிட்ட இவர் மாட்டேன்னு சொல்லிடுவார்."

நிருபர் எழுந்தார். ஷட்டர் இறங்கியே இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு துணிப்பையிலிருந்து காலர் பழுத்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மேஜையைக் காலி பண்றப்போ உங்க லெட்டரை மட்டும் எடுத்துட்டு வந்தேம்மா. போன வாரம் எங்க பத்திரிகையை மூடிட்டாங்க. திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ."